இரண்டு நாள் வேலை என்று சொன்ன மரம்

பெரிய மரங்களில் கயிறு போட்டு ஏறி, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்குவது என் தொழில். முதல் இரண்டு வருடம் கீழே நின்று கிளை இழுத்தேன். அடுத்த மூன்று வருடம் இன்னொருவரிடம் சம்பளத்துக்கு மரம் ஏறினேன். அப்புறம்தான் சொந்தமாக ஆரம்பித்தேன். ஆரம்பித்த ஐந்தாவது மாதம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நின்ற தைலமரம் என்னை 11 வாரம் படுக்கையில் போட்டது. கடன் வாங்கி வாங்கிய கிளை அரைக்கும் மெஷினை விற்கவும் வைத்தது. பயிற்சியில் முடிச்சு சொல்லிக்கொடுத்தார்கள், மோட்டார் வாளைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், எந்தப் பக்கம் வெட்டினால் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மரத்தடியில் நின்று வீட்டுக்காரரிடம் "இத்தனை நாள், இவ்வளவு பணம்" என்று சொல்லும் அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு நடந்த அத்தனையும் அங்கேதான் முடிவாகியிருந்தது.

கூப்பிட்டது வயதான ஒரு அம்மா. வீட்டின் பின்பக்கம் மரம். சுமார் 22 மீட்டர் உயரம் இருக்கும். ஆறேழு மீட்டருக்கு மேல் அடிமரம் ஒன்றாகப் போகாமல், ஒரே இடத்திலிருந்து ஐந்து தண்டுகள் விரல் விரித்த மாதிரி மேலே போயிருந்தன. ஒவ்வொன்றும் தனி மரம் போல இருந்தது. ஒரு பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் ஓடு வேய்ந்த கொட்டகை, மறுபக்கம் மதில். நான் ஒரு சுற்று நடந்தேன், அண்ணாந்து பார்த்தேன், மனசுக்குள் பழைய முதலாளியிடம் செய்த ஒரு வேலை ஓடியது. அதுவும் ஏறக்குறைய இதே உயரம், இரண்டு நாளில் முடித்தோம். "இரண்டு நாள் அம்மா" என்றேன். தொகையும் சொன்னேன். "முன்னாடி வந்தவர் இதைவிட இரண்டு பங்கு சொன்னாரே" என்றார் அவர். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, வேலை நமக்குத்தான் என்று. முன்னால் வந்தவர் என்ன பார்த்தார், எதற்காக இரண்டு பங்கு சொன்னார் என்று அப்போது ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். இன்றைக்கு யாராவது என்னைவிடப் பாதி விலை சொன்னார் என்று கேட்டால் எனக்குப் பொறாமை வருவதில்லை, அவரைப் பற்றிக் கொஞ்சம் பயம்தான் வருகிறது.

இரண்டு பங்கு சொன்னவர் பார்த்தது என்ன என்று இப்போது தெரியும். அந்த ஐந்து தண்டும் தானாக அப்படி வளரவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் யாரோ அந்த மரத்தின் தலையை வெட்டி மொட்டையடித்திருக்கிறார்கள். தைலமரம் அதற்கெல்லாம் சாகாது, வெட்டிய இடத்தைச் சுற்றிப் பட்டைக்கு அடியிலிருந்து கொத்தாகத் துளிர்விடும். அந்தத் துளிர்கள்தான் பின்னால் தண்டாகின்றன. சாதாரணக் கிளை மரத்தின் உள்ளே ஆழத்திலிருந்து, வருடா வருடம் மரத்தோடு சேர்ந்து பின்னிக்கொண்டு வளர்கிறது. மொட்டையடித்த பிறகு வரும் தண்டுக்கு அந்தப் பிணைப்பு கிடையாது. மேல்தோலில் ஒட்டிக்கொண்டு பருக்கிறது, அவ்வளவுதான். அதோடு வெட்டிய பரப்பு பெரிதாக இருந்தால் உள்ளே அழுகலும் இறங்குகிறது. அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரத்துக்குக் காயம் ஆறுவதே இல்லை, கெட்டுப்போன பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டு அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது, அவ்வளவுதான் என்று காட்டினார். நம் புண் ஆறினால் புதுச் சதை வருகிறது, மரத்தில் பழைய புண் அப்படியே உள்ளே கிடக்கும். வெளியே பார்த்தால் வழவழவென்று பட்டை மூடியிருக்கும். இதைப் படித்தது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான். படுத்திருப்பவனுக்கு வேறென்ன வேலை.

அதனால் ஒரே உயரத்திலிருந்து பல தண்டுகள் கிளம்பினால் அதைப் பழைய மொட்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள், இல்லை என்று நிரூபணமாகும் வரைக்கும். தூரைச் சுற்றி மண்ணையும் சருகையும் விலக்கிப் பாருங்கள். பலகை போல ஒட்டிக்கொண்டு காளான் இருந்தால் உள்ளே அழுகல் வெகுநாளாகவே இருக்கிறது என்று அர்த்தம். மரச் சுத்தியலால் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்தது பொத்துப் பொத்தென்று கேட்கும். தட்டிப் பார்ப்பதால் எல்லாம் தெரிந்துவிடாது, ஆனால் கைக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதை நம்பலாம். இரண்டு தண்டுகள் சேரும் கவட்டையில் பட்டை உள்பக்கம் மடிந்து போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே மரமும் மரமும் ஒட்டவில்லை, பட்டையும் பட்டையும்தான் இடித்துக்கொண்டு நிற்கின்றன. தூரத்தில் நின்று பைனாக்குலர் வழியாகப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். குளவிக்கூடும் அதில் தெரிந்துவிடும்.

மரத்தைப் பார்க்காதது ஒன்று. மரம் போகும் வழியைப் பார்க்காதது இன்னொன்று. பழைய முதலாளியின் அந்த இரண்டு நாள் வேலையில் நாங்கள் ஐந்து பேர், கிளை அரைக்கும் மெஷின் மரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றது. இங்கே வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு போகும் சந்து. மெஷின் தெருவில் நிற்க, ஒவ்வொரு கிளையையும் அந்தச் சந்து வழியாக இழுத்துப் போக வேண்டும். நாங்கள் மூன்று பேர். மேலே நான் ஒரு மணி நேரத்தில் வெட்டிப் போட்டதை வெளியேற்ற அவர்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. தழை குவிந்தால் கீழே நிற்க இடமில்லை, இடமில்லாவிட்டால் மேலே நான் வெட்ட முடியாது, கயிற்றில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். மரம் இறக்கும் வேலையின் நேரத்தை மேலே ஏறுபவர் தீர்மானிப்பதில்லை, சந்துதான் தீர்மானிக்கிறது. விலை சொல்லப் போகும்போது டேப் எடுத்துக்கொண்டு போய் வழியின் அகலத்தை அளந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து தண்டில் ஒன்றரைதான் முடிந்திருந்தது. என்னோடு வந்தவர்களில் ஒருவர் பத்து வருட அனுபவக்காரர். வெட்டிய துண்டை இறக்கும் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டால் நான் கீழே பார்க்கவே வேண்டாம். அவரை நான் இரண்டு நாளுக்குத்தான் பேசியிருந்தேன். மூன்றாம் நாள் அவருக்கு வேறு இடத்தில் வேலை. "ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா அண்ணா" என்று கெஞ்சினேன். "சொன்ன வார்த்தை தப்பக் கூடாதுப்பா, நீ வேணும்னா இரண்டு நாள் நிறுத்தி வை, நான் வந்துடறேன்" என்றார். நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கடுத்த வேலைக்கு முன்பணம் வாங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மா ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஒவ்வொரு பார்வையும் "இரண்டு நாள் என்றாயே" என்று கேட்பது போல இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, பாவம், தண்ணீர் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் காலையில் அனுபவக்காரருக்குப் பதிலாக ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல பையன், நல்ல உடம்பு, கயிறு இறக்கிப் பழக்கமில்லை. மரத்தடியில் கட்டியிருக்கும் இரும்பு உருளையில் கயிற்றை எத்தனை சுற்று சுற்ற வேண்டும், எப்படி மெதுவாக நழுவ விட வேண்டும் என்று ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஏறிவிட்டேன்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். பச்சை மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர். தைலமரம் போன்ற கனமான மரத்தில் ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது. அரை மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் நீளமுள்ள துண்டு கிட்டத்தட்ட 200 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. கண் இதை ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் தடிமன்தானே என்று சொல்லும். நான் அப்போது வைத்திருந்த கணக்கு காய்ந்த விறகைத் தூக்கிப் பழகிய கைக்கணக்கு. இன்னொன்று, கப்பி வழியாக இறக்கும்போது கப்பி கட்டியிருக்கும் இடத்தில் துண்டின் எடை மட்டும் விழுவதில்லை. ஒரு பக்கம் துண்டு இழுக்கிறது, மறுபக்கம் கீழே பிடிப்பவர் அதே அளவுக்கு இழுக்கிறார். சும்மா தொங்கினாலே இரண்டு மடங்கு. கப்பிக்கு மேலே இருக்கிற துண்டை வெட்டித் தள்ளினால் அது கப்பியைத் தாண்டி விழுந்த பிறகுதான் கயிறு விறைக்கும். அந்த நேரத்தில் கயிற்றை நழுவ விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினால் மரம் தாங்கும். சட்டென்று பிடித்து நிறுத்தினால் பல மடங்கு ஒரே நொடியில் இறங்கும்.

பையன் சட்டென்று பிடித்துவிட்டான். துண்டு கொட்டகைப் பக்கம் போவதைப் பார்த்திருக்கிறான், பயந்து இன்னொரு சுற்று போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறான். அவன் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். தப்பு முழுக்க என்னுடையது. கப்பியைக் கட்டியிருந்தது நான் நின்ற அதே தண்டில். ஏறு கயிற்றின் பிடிமானம் மட்டும் நல்லவேளையாகப் பக்கத்துத் தண்டில் இருந்தது. அதையும் யோசித்துச் செய்யவில்லை, அங்கே போட வசதியாக இருந்தது, போட்டேன். தண்டு முதலில் பின்னால் வளைந்தது, அப்புறம் முன்னால் வந்தது, அப்புறம் துணி கிழிவது போல ஒரு நீளமான சத்தம். நான் நின்ற தண்டு என் கால் மட்டத்திலிருந்து நெஞ்சு மட்டம் வரைக்கும் நெடுக்காகப் பிளந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் தூள் தூளாக உதிர்ந்ததைப் பார்த்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

பிளந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. வாளை இயக்கும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி, ஏறு கயிறு ஒன்று, மரத்தைச் சுற்றி இடுப்புக் கயிறு ஒன்று. சரியான விதிதான், வாள் ஒரு கயிற்றை அறுத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். ஆனால் இடுப்புக் கயிறு சுற்றியிருக்கும் தண்டு பிளந்து விரிந்தால், அந்தச் சுற்று இறுகி ஆளை மரத்தோடு சேர்த்து நசுக்கும். எனக்கு அதுதான் நடந்தது. மூன்று விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. இடுப்புக் கயிற்றைத் தளர்த்தும் கருவி, இவ்வளவு இறுக்கத்தில் அசையவே இல்லை. வெட்டிய துண்டு இதற்குள் ஊசலாடிப் போய்க் கொட்டகையின் கூரையில் இறங்கியிருந்தது. ஓடுகள் சரியும் சத்தம் கேட்டது. நம்ப மாட்டீர்கள், அந்த நிலையிலும் என் மனசில் முதலில் ஓடியது ஓட்டின் விலை.

கைரம்பத்தால் இடுப்புக் கயிற்றை அறுத்தேன். இரண்டு வரியில் எழுதிவிடலாம், ஆனால் என் நினைவில் அது ஒரு முழு மதியம். விறைத்து நிற்கிற கயிற்றில் ரம்பத்தின் பல் லேசாகப் பட்டாலே போதும், நூல் நூலாகத் தெறித்துவிடும். என் எடையைத் தாங்கிக்கொண்டிருந்த ஏறு கயிறு இடுப்புக் கயிற்றிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஓடியது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் ஏறு கயிற்றை விலக்கிப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கமாக இழுத்து இழுத்து அறுத்தேன். அறுந்ததும் ஆடிப்போய்ப் பக்கத்துத் தண்டின் கீழே தொங்கினேன். எஃகு உள்ளீடு வைத்த இடுப்புக் கயிறு வாங்கியிருந்தால் கைரம்பத்தால் அறுத்திருக்கவே முடியாது. அதற்காக எஃகுக் கயிறு வேண்டாம் என்று சொல்லவில்லை, செயின்சாவின் சங்கிலி தவறுதலாக உரசினால் அது கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிக்கும். பிளக்கக்கூடிய தண்டில் வெட்டுக்குக் கீழே லாரியில் சரக்கு கட்டும் இறுக்குப் பட்டையை இரண்டு சுற்று போட்டு முறுக்கிவிட வேண்டும் என்பதுதான் உண்மையான பாடம். ஐந்து நிமிட வேலை. இன்றைக்கு என் மூட்டையில் எப்போதும் இரண்டு பட்டை இருக்கும்.

தொங்கினேன், ஆனால் இறங்க முடியவில்லை. வலது கையைத் தூக்கினால் கண் இருட்டியது, முடிச்சைக் கீழே தள்ளி இறங்க அந்தக் கை வேண்டும். கீழே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் மரம் ஏறத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏற இரண்டாவது ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பட்டை) இல்லை, இரண்டாவது கயிறு இல்லை. பையன் அழுதுகொண்டே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தான். அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள், ஆனால் ஏணி வண்டி அந்தச் சந்துக்குள் வரவில்லை. அதே சந்துதான். கையால் தூக்கும் ஏணிகளைக் கொண்டுவந்து, அவர்களில் ஒருவர் ஏறி என்னைப் பிடிக்க நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், மயங்கி அப்படியே தொங்கினால் உயிருக்கே ஆபத்து. இது மட்டும் பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது. கயிற்றின் வாலில் ஒரு வளையம் போட்டு ஒரு காலை அதில் ஊன்றி, மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருந்தேன். மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் விலா குத்தியது. அந்த அம்மா கீழே நின்று "பேசிக்கிட்டே இருப்பா, தூங்கிடாதே" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

இதைப் படிக்கும் மரம் ஏறுபவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். உங்களை இறக்கத் தெரிந்த ஒருவர் கீழே இல்லாமல் காலைத் தரையிலிருந்து எடுக்காதீர்கள். தெரிந்தவர் என்றால் ஏறத் தெரிந்தவர், தனக்கென்று ஹார்னஸும் கயிறும் அங்கேயே வைத்திருப்பவர், வருடத்துக்கு ஒரு முறையாவது உங்களையே தொங்கவைத்து இறக்கிப் பழகியவர். அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும் காலத்திலும் ஒற்றைக் கயிற்று முறையில், அதாவது ஓடாமல் நிற்கும் ஒரே கயிற்றின்மேல் ஏறுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கயிற்றை உச்சியில் ஒரு கவட்டை வழியாக விட்டு அதன் மறுமுனையைத் தூரில் இறங்கு கருவியோடு கட்டினால், கீழே நிற்பவர் ஏறாமலேயே உங்களை இறக்கிவிடலாம். பிடிமானமாக இருக்கும் கவட்டையில் அந்த முறையில் இரண்டு மடங்கு எடை விழும், அதனால் நல்ல கவட்டையாகப் பார்க்க வேண்டும். கயிறு போதிய நீளமாகவும் இருக்க வேண்டும். ஹார்னஸில் ரத்தப்போக்கை நிறுத்தும் பெரிய கட்டுத்துணி ஒன்றை ஒற்றைக் கையால் எடுக்கிற மாதிரி மாட்டி வையுங்கள். முதலுதவிப் பெட்டி வண்டியில் இருந்தால் அது மேலே இருப்பவனுக்கு இல்லாத மாதிரிதான். வேலை ஆரம்பிக்கும் முன்னால் அந்த இடத்தின் சரியான முகவரியையும் வண்டி எந்த வழியாக வர முடியும் என்பதையும் கீழே நிற்பவரின் போனில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பையனுக்கு அந்தத் தெருவின் பெயர் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி பெரிய கதையில்லை. விலா எலும்புக்கு மாவுக்கட்டு கிடையாது, வலி மாத்திரை, மூச்சுப் பயிற்சி, ஓய்வு, அவ்வளவுதான். வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது, அதுதான் நாளை இழுத்தது. பெரிய கதை, காப்பீடுதான். தொழில் தொடங்கும்போது மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒரு பாலிசி எடுத்திருந்தேன். "என்ன வேலை" என்ற இடத்தில் தோட்டப் பராமரிப்பு என்று நிரப்பியிருந்தது. பிரீமியம் குறைவாக வரும் என்று முகவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். கொட்டகைக்காக விண்ணப்பித்தபோது உள்ளே ஒரு வரியைக் காட்டினார்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மோட்டார் வாள் வைத்துச் செய்யும் வேலை இதில் அடங்காது. அந்த வரி முதலிலிருந்தே அங்கே இருந்தது. நான் படிக்கவில்லை. கொட்டகையின் கூரையை என் கைக்காசில் போட்டுக் கொடுத்தேன். எனக்கே அடிபட்டால் வருமானம் தரும் பாலிசி என்று ஒன்று தனியாக எடுக்க வேண்டும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கான பாலிசி நமக்கு ஒரு காசு தராது. கூரைச் செலவு, 11 வார வருமானம், இழந்த அடுத்த மூன்று வேலைகள், திருப்பிக் கொடுத்த முன்பணம் எல்லாம் சேர்த்தால், அந்த மரத்துக்கு நான் பேசிய தொகையைப் போல ஐந்து மடங்கு போயிருக்கிறது. மெஷின் அப்படித்தான் கைவிட்டுப் போனது.

அந்த வாரங்களில் மனசு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். வலி ஒரு பக்கம், அவமானம் அதைவிடப் பெரிது. தொழிலில் இருக்கும் நண்பர்கள் போன் செய்தால் "துண்டு கொட்டகை மேலே விழுந்திருச்சு, எனக்குச் சின்ன அடிதான்" என்று சொல்லி வைத்துவிடுவேன். வீட்டிலும் முழுக்கச் சொல்லவில்லை, கிளை தட்டியது என்றுதான் சொன்னேன். ராத்திரி அந்தத் துணி கிழியும் சத்தம் கேட்டு எழுந்து உட்காருவேன். நான் கெஞ்சிக் கேட்டும் வராத அந்த அனுபவக்காரர்மேல் கோபம் வந்தது, அப்புறம் அந்தக் கோபத்துக்காக என்மேலேயே கோபம் வந்தது. அவர்தான் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, தான் இருபது வயதில் விழுந்த கதையைச் சொன்னார். பத்து வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. "எல்லாரும் ஒண்ணு வெச்சிருக்கோம், யாரும் எடுத்து வெளியே வைக்கறதில்லை" என்றார். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம்.

என் மரம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பாதி பிளந்த மரத்தை அப்படியே விட முடியாது. அந்த அம்மா முதலில் இரண்டு பங்கு விலை சொன்னவரையே கூப்பிட்டார். கையைத் தூளியில் போட்டுக்கொண்டு நான் போய்ப் பார்த்தேன். இரண்டு ஏறுபவர்கள், கீழே நான்கு பேர். பிளந்த தண்டில் யாரும் காலே வைக்கவில்லை. இருப்பதிலேயே உறுதியான தண்டில் பிடிமானம் போட்டு, அதிலிருந்து பக்கவாட்டில் போய், கிழிந்த தண்டைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு ஆள் தூக்கக்கூடிய அளவுத் துண்டுகளாக நறுக்கிக் கீழே போட்டார்கள். கப்பி வைத்து இறக்கிய துண்டுகள் குறைவு, அவற்றையும் மொட்டையடித்த மட்டத்துக்குக் கீழே, பழைய அடிமரத்தில்தான் கட்டினார்கள். மீதமிருந்ததற்கே நான்கு நாள் ஆனது. பின்னேரம் நான்கு மணிக்கு வாளை நிறுத்திவிட்டார்கள். கை சோர்ந்த பிறகு வெட்டுவதில்லை என்று அந்தத் தலைவர் சொன்னார். என்னைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. சாயங்காலம் அறுத்துப் போட்ட துண்டுகளில் ஒன்றைப் புரட்டி உள்ளே இருந்த அழுகலைக் காட்டி, "இது வெளியே தெரியாது, ஆனா ஐந்து தண்டு ஒரே இடத்துல இருந்தா இது இருக்கும்னு தெரியும்" என்றார்.

மறுபடி ஏறியது 12வது வாரத்தில், ஒரு சின்ன மரத்தில். நான்கு மீட்டர் உயரத்தில் தொடை நடுங்கி, மரத்தைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே இருந்தேன். அனுபவக்காரர் கீழே நின்றார், அவசரப்படுத்தவில்லை. இப்போது விலை சொல்லப் போனால் ஒரு மணி நேரம் ஆகிறது. தட்டுகிறேன், அளக்கிறேன், போட்டோ எடுக்கிறேன். சந்தேகமான மரமாக இருந்தால் மொத்தத் தொகை சொல்வதில்லை, நாள் கணக்கில்தான் பேசுகிறேன். எத்தனை நாள் என்று எனக்குத் தோன்றுகிறதோ அதில் பாதியைக் கூட்டிச் சொல்கிறேன், ஆட்களையும் அத்தனை நாளுக்கே பேசுகிறேன். மரத்தண்டு யாருக்கு, தழை எங்கே போகும், அடிக்கட்டை எந்த உயரத்தில் நிற்கும், பெருங்காற்று அடித்தால் வேலை நின்ற நாளுக்கு யார் பொறுப்பு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். இதைப் பார்த்துச் சிலர் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

அடிக்கட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. தோள் சரியான பிறகு அந்த அம்மாவிடம் முன்பணத்தில் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். கிளம்பும்போது கொஞ்சம் தயங்கி, "நீ முதல்ல பேசினப்போ அடிக்கட்டையும் எடுத்துடறேன்னு சொன்ன மாதிரி ஞாபகம்" என்றார். நான் சொன்னேனா இல்லையா, எனக்கும் தெரியவில்லை, தாளில் எதுவும் இல்லை. அடிக்கட்டை தோண்டும் மெஷினில் இருப்பதிலேயே ஒல்லியானதை வாடகைக்கு எடுத்து, அந்தச் சந்து வழியாக உருட்டிக்கொண்டு போய், ஒரு முழு நாள் நின்று எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.